பரிசம் போடுகிற அன்று எனக்குப் பரீட்சை

தம்பி,

கடிதம் என்றதும் பதறிவிடாதே. உன் அய்யா நன்றாக இருக்கிறார். நானும் நன்றாக இருக்கிறேன். மாடு போன வாரம் கன்று போட்டது, அதுவும் நன்றாக இருக்கிறது. தினமும் போனில் பேசுகிற அம்மா எதற்கு இவ்வளவு நீளமாக எழுதி அனுப்புகிறாள் என்று உனக்குத் தோன்றும். போனில் ஆரம்பித்தால் பாதியில் நீ "சரிம்மா, மீட்டிங் வந்துருச்சு" என்பாய், நான் "சரிப்பா, நேரத்துக்குச் சாப்பிடு" என்பேன், சொல்ல வந்தது தொண்டையிலேயே நின்றுவிடும். எழுதினால் அந்த வம்பு இல்லை. உன் மீட்டிங் பாட்டுக்கு மீட்டிங் நடக்கட்டும், முடிந்தபிறகு விட்ட இடத்திலிருந்து வாசித்துக்கொள்ளலாம்.

விஷயத்தை முதலிலேயே உடைத்துவிடுகிறேன். சுற்றி வளைத்தால் நீ கடைசிப் பக்கத்துக்குத் தாவிவிடுவாய், பள்ளிக்கூடத்தில் படிக்கிற காலத்திலிருந்தே உனக்கு அந்தப் புத்தி உண்டு. வைகாசி மாதத்திலிருந்து நான் படித்துக்கொண்டிருக்கிறேன். ஒரு பல்கலைக்கழகம், வயசு பார்க்காமல், வீட்டில் இருந்தபடியே ஆன்லைனில் படிக்க விடுகிறது. நான் சேர்ந்திருப்பது முதல் பாடம். இஞ்சினியரிங் கணக்குகளை எப்படி அணுகுவது, அதற்குக் கம்ப்யூட்டரில் எப்படிப் புரோகிராம் எழுதுவது என்று சொல்லித்தருகிறார்கள். நீ காலேஜில் சேர்ந்த முதல் வருஷம் படித்தாயே, அதேதான். பரீட்சைகளை மட்டும் நேரில் போய் எழுத வேண்டும். கடைசிப் பரீட்சை ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ராமநாதபுரத்தில். எந்த ஞாயிற்றுக்கிழமை என்றால், உனக்குப் பரிசம் போட நாள் குறித்திருக்கிறார்களே, அதே ஞாயிற்றுக்கிழமை. நான் இங்கே கேள்வித்தாளை வாங்குகிற நேரத்தில், அங்கே கமுதிப் பக்கம் பெண் வீட்டில் தட்டு மாற்ற வேண்டும்.

பார்த்தாயா, மீட்டிங்கைத் தள்ளி வைத்துவிட்டாய். இனி நிதானமாக வாசி.

இந்த ஆசை எப்படி வந்தது என்று கேட்டால், பெரிய கதை ஒன்றும் இல்லை. பங்குனிக் கடைசியில் மிளகாய்ப் பழம் எடுத்து முடிந்தால், புரட்டாசியில் உழவு ஆரம்பிக்கிற வரைக்கும் நமக்குக் காட்டில் என்ன வேலை? வெயிலை வேடிக்கை பார்க்கிற வேலைதான். முகம் பார்த்துப் பேசலாம் என்று நீ அனுப்பி வைத்த பழைய லேப்டாப் அலமாரியில் சும்மா கிடந்தது. ப்ளஸ் டூவில் கணக்கு எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. மேலே படிக்க அந்தக் காலத்தில் வழி இல்லை, அதற்காக நான் ஒன்றும் அழுதுகொண்டிருக்கவும் இல்லை. உன் அய்யாவைக் கட்டினேன், உன்னைப் பெற்றேன், மிளகாய் போட்டேன், பொழுது சரியாக இருந்தது. இப்போது பொழுது இருக்கிறது, லேப்டாப் இருக்கிறது, பன்னிரண்டாம் வகுப்பு பாஸ் என்றால் சேர்த்துக்கொள்கிறார்கள். சேர்ந்துவிட்டேன். உன் அய்யா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "படிச்சு முடிச்சு என்னய விட்டுட்டு பெங்களூருக்குப் போயிருவியா?" என்றார். "சோறு பொங்கி வச்சுட்டுத்தான் போவேன்" என்றேன். சமாதானமாகிவிட்டார்.

முதல் வகுப்பில் எனக்குப் பெரிய ஏமாற்றம். கம்ப்யூட்டரைத் தொடவே விடவில்லை. பேப்பரும் பேனாவும் எடுக்கச் சொன்னார்கள். கணக்கு ஒன்றைக் கொடுத்து, விடை போடாதீர்கள், முதலில் என்ன தெரியும் என்று எழுதுங்கள், என்ன கண்டுபிடிக்க வேண்டும் என்று எழுதுங்கள், எதையெல்லாம் மீறக்கூடாது என்று எழுதுங்கள் என்றார்கள். ஒரு மணி நேரம் இதே பேச்சு. எனக்குக் கடுப்பாக வந்தது. ஆனால் அன்றைக்கு அடுப்படிக்குள் போனதும் ஞாபகம் வந்து சிரித்துவிட்டேன். நீ மூன்றாவதோ நாலாவதோ படிக்கையில் நம் வீட்டில் டேபிள் ஃபேன் ஒன்று வந்ததே, நினைவிருக்கிறதா? "அடுப்படியில நிக்க முடியலங்க" என்று ஒரு நாள் நான் அலுத்துக்கொண்டேன். என்ன ஏது என்று ஒரு வார்த்தை கேட்காமல் உன் அய்யா அடுத்த பஸ்ஸைப் பிடித்து ராமநாதபுரம் போய் ஃபேனைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றார். ஃபேனைப் போட்டால் அடுப்பு அணைந்தது. அடுப்பைப் பற்றவைத்தால் ஃபேனை நிறுத்த வேண்டியிருந்தது. புகைக்கூண்டில் ஏதோ பறவை கூடு கட்டி அடைத்துக்கொண்டிருந்தது, புகைதான் என் பிரச்சினை. அவர் கேட்கவில்லை, நானும் விளக்கவில்லை. அந்த ஃபேன் கடைசியில் மாட்டுக்கொட்டகைக்குப் போனது. நீ கட்டிக்கொள்ளப்போகிற நந்தினி நாளைக்கு உன்னிடம் ஏதாவது குறை சொன்னால், உடனே செல்லைத் திறந்து ஆர்டர் போடாதே. உன் அய்யாவுக்கு இருக்கிற நல்ல மனசும் அவசரமும் உனக்கும் அப்படியே இருக்கிறது. கணக்கை முழுசாகக் கேட்டு முடி, பிறகு விடைக்குப் போகலாம்.

பாடம் எல்லாம் இங்கிலீஷில். ஆரம்பத்தில் ஒரு வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்ப்பதற்குள் பொழுது சாய்ந்துவிடும். நல்லவேளையாக ஜமீலா கிடைத்தாள். இடையில் ஒரு சின்னப் பரீட்சைக்கு ராமநாதபுரம் போனபோது, எனக்கு முன்னால் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். திரும்புகிற பஸ்ஸிலும் பக்கத்து சீட். பெரியபட்டினத்துப் பெண், முப்பது வயசு இருக்கும், வீட்டுக்காரர் துபாயில், பிள்ளைகள் இரண்டு பேர் பள்ளிக்கூடத்தில். நான் திருப்புல்லாணியில் இறங்குவதற்குள் நாங்கள் பத்து வருஷம் பழகின மாதிரி ஆகிவிட்டோம். வாரம் ஒரு நாள் அவள் இங்கன வருவாள், இல்லையென்றால் நான் அங்கன போவேன். அவளுக்கு இங்கிலீஷ் வரும், எனக்குக் கணக்கு வரும். இரண்டு பேருக்கும் வராதது இந்த ஏரியாவில் ஒழுங்கான சிக்னல் மட்டும்தான்.

ஒரு தடவை, ஒரு நிலத்துக்கு எவ்வளவு தண்ணீர் தேவை என்று கணக்குப் போடச் சொன்னார்கள். சொந்த ஊர்க் கணக்காக இருக்கட்டும் என்று நம் மிளகாய்க் காட்டையே எடுத்துக்கொண்டேன். செண்டுக் கணக்கைச் சதுர மீட்டருக்கு மாற்றுகிற இடத்தில் எங்கேயோ கை பிசகிவிட்டது. வந்த விடையைப் பார்த்தால், நம் காடு ராமேசுவரம் தீவை விடப் பெரிசு. நானும் அதைக் கவனிக்காமல் அனுப்பிவிட்டேன். ஜமீலா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். உன் அய்யாவிடம் சொன்னதும் அவர் ரொம்ப யோசனையாக, "அப்பன்னா பாம்பன் பாலத்துக்கு நம்மதான் சுங்கம் வாங்கணும்" என்றார். திருத்துகிறவர் கருணை உள்ளவர், "விடையை ஒருமுறை நிலத்தில் நின்று பாருங்கள்" என்று மட்டும் எழுதி அனுப்பினார். எனக்கு அது ரொம்பப் பிடித்துப்போயிற்று. நீ மாதா மாதம் ஆபீசில் ஏதேதோ பெரிய கணக்குப் போடுகிறாய், அதிலும் இப்படி நின்று பார்ப்பாயோ மாட்டாயோ. வீடு வாங்குகிறேன், கார் வாங்குகிறேன் என்று நீயும் நந்தினியும் உட்கார்ந்து திட்டம் போடுகிறபோதாவது நின்று பாருங்கள்.

அடுத்து வந்தது, புரோகிராமில் தப்பு இருந்தால் திரையில் வருகிற சிவப்பு எழுத்து. உனக்கு அது பழகிப்போன சமாச்சாரம். எனக்கு முதல் தடவை திரையில் சிவப்பாக ஆறேழு வரி வந்ததும், ஏதோ உடைத்துவிட்டேன் என்று லேப்டாப்பை மூடி அலமாரியில் வைத்துவிட்டேன். இரண்டு நாள் தொடவே இல்லை. ஜமீலாதான், "அக்கா, அது ஏசுறதுன்னு நெனக்கிறீங்க, அது ஏசல. கடைசி வரிய வாசிங்க. எந்த எடத்துல தப்புன்னு அதுவே சொல்லுது பாருங்க" என்று காட்டிக்கொடுத்தாள். நிஜம்தான், ஒரு அடைப்புக்குறி விட்டுப்போயிருந்தது, அவ்வளவுதான். கல்யாணம் ஆகிற பையனுக்கு இதைவிட நல்ல பாடம் நான் எங்கே போய்த் தேட? பெண்டாட்டி கோபமாக நாலு வார்த்தை சொன்னால் மூடிவைத்துவிட்டு எழுந்து போகாதே. முதல் வரியில் உன்னைத் திட்டுவாள், இரண்டாவது வரியில் உன் அம்மாவைத் திட்டுவாள், திட்டட்டும். விஷயம் கடைசி வரியில் இருக்கும். உன் அய்யா இருபத்தைந்து வருஷமாக முதல் வரியிலேயே துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு டீக்கடைக்குப் போகிறவர். நான் கடைசி வரியை அடுப்பிடம் சொல்லியே காலத்தை ஓட்டினேன்.

ஆடியில், சொந்த வாழ்க்கையில் இருந்து ஒரு சிக்கலை எடுத்துப் புரோகிராம் எழுதச் சொன்னார்கள். உனக்குப் பெண் பேசி முடித்து, நாளும் குறித்திருந்த நேரம். பரிசத்துக்கு யார் யார் வீட்டுக்கு வெற்றிலை பாக்கு வைத்துச் சொல்வது என்று உன் அய்யாவும் நானும் தினம் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தோம். சரி, இதையே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். நம் பக்கத்து முறை உனக்குத் தெரியும். ஒரு வீட்டுக்குச் சொன்னால், அந்த வீட்டுக்குப் பெண் கொடுத்த வீட்டுக்கும் சொல்ல வேண்டும், அந்த வீட்டில் பெண் எடுத்த வீட்டுக்கும் சொல்ல வேண்டும். விட்டுப்போனால் பேரன் கல்யாணம் வரைக்கும் சொல்லிக் காட்டுவார்கள். இந்த முறையை அப்படியே எழுதி, எனக்குத் தெரிந்த வீடுகளை எல்லாம் உள்ளே கொடுத்து, ஓட விட்டேன். தம்பி, அது நிற்கவே இல்லை! பெயர் பெயராக மேலே ஏறிக்கொண்டே இருக்கிறது. லேப்டாப் சூடாகி உஸ்ஸென்று இரைகிறது. "ஏ புள்ள, தாலுகாவையே கூப்பிட்டுட்டியா?" என்று உன் அய்யா எழுந்து வந்துவிட்டார். உற்றுப் பார்த்தால், வந்த பெயரே திரும்பத் திரும்ப வருகிறது. நடுவில் நம் வீட்டுப் பெயரும் வருகிறது. நம் வீட்டுக்கு நாமே வெற்றிலை வைத்து, நாமே அழைத்து, மறுபடியும் முதலிலிருந்து கிளம்பிக்கொண்டிருக்கிறோம். மாமன் வீட்டில் பெண் எடுத்து, அத்தை வீட்டில் பெண் கொடுத்து, ஒன்றுக்குள் ஒன்றாகச் சுற்றி வந்திருக்கிற குடும்பத்தில் வேறு என்ன நடக்கும்? சென்னைக்காரி எழுதியிருந்தால் அது பத்து வீட்டில் நின்றிருக்கும்.

மறுவாரம் ஜமீலா வந்து பார்த்தாள். "அக்கா, நீங்க போன வீட்டுக்கே போயிக்கிட்டு இருக்கீங்க. போயிட்டு வந்த வீட்டுக்கு ஒரு அடையாளம் போடுங்க. அடையாளம் இருந்தா உள்ள நுழையாதீங்க" என்றாள். போட்டேன். சட்டென்று நின்றது. எனக்கு வந்த சந்தோஷத்தை உனக்கு எப்படிச் சொல்ல? உனக்கு முதல் பல் முளைத்த அன்று தெருவெல்லாம் போய்ச் சொன்னேன், அதே மாதிரி இப்போதும் போய்ச் சொல்லத் தோன்றியது. நின்ற பட்டியலில் உன் சித்தப்பா பெயரும் இருந்தது. வரப்புத் தகராறுக்குப் பிறகு அவர் வீட்டோடு நமக்குப் பேச்சு இல்லையே, அதனால் நான் அவர் வீட்டுக்குச் சொல்வதாக வைத்திருக்கவில்லை. ஆனால் உன் சித்திக்குப் பிறந்த வீடு திருப்புல்லாணி. அந்த வீட்டுக்குச் சொன்னால், அவர்கள் பெண் கொடுத்த வீட்டுக்கும் சொல்ல வேண்டும் அல்லவா? முறைப்படி அது கண்டுபிடித்துவிட்டது. உன் அய்யா அந்தப் பெயரையே பார்த்துக்கொண்டு நின்றார். "இதுக்கு நம்ம சண்டை தெரியாதுல்ல" என்றார். பிறகு குளித்துவிட்டு, வெற்றிலை பாக்கை எடுத்துக்கொண்டு அவரே போய்ச் சொல்லிவிட்டு வந்தார். சித்தப்பா, "நான் எத்தனாவது வீடு?" என்று கேட்டாராம். "மூணாவது" என்றாராம் இவர். "அப்பன்னா சரி, வாரேன்" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். அன்றைக்கு உன் அய்யா இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டார்.

இவ்வளவு கூத்தும் நடக்கிறது, எனக்கு மட்டும் ஏன் சொல்லவில்லை என்று நீ கேட்பாய். சொல்கிறேன், கோபப்படாதே. வைகாசியில் ஒரு நாள், பாடத்தில் வந்த வார்த்தை புரியாமல், போனில், "லூப்புன்னா என்னப்பா?" என்று உன்னிடம் கேட்டேன். நீ சிரித்தாய். "அதெல்லாம் உனக்கு எதுக்கும்மா? சீரியல் எதுவும் ஓடலயா?" என்றாய். நானும் சேர்ந்து சிரித்தேன். போனை வைத்த பிறகு எனக்கு வலித்தது தம்பி. நீ கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும், உன்னை எனக்குத் தெரியாதா? ஆனாலும் வலித்தது. பாஸ் பண்ணின பிறகு உன்னிடம் சொல்வோம், அதுவரைக்கும் மூச்சு விடக்கூடாது என்று உன் அய்யாவிடம் சத்தியம் வாங்கிக்கொண்டேன். பாவம், ரகசியம் தங்காத மனுஷன், உன்னோடு பேசுகிறபோதெல்லாம் வாயைப் பொத்திக்கொண்டு தவித்துப்போனார்.

இதற்கு நடுவில்தான் நாள் குறித்தார்கள். உன் பெரியத்தை பெண் வீட்டாரோடு போனில் பேசி, ஜோசியரையும் கேட்டு, ஒரே மூச்சில் முடித்துவிட்டு நமக்குச் சொன்னார்கள். உன் அய்யாவின் அக்கா ஒன்றைச் சொன்னால் அது கல்வெட்டு, இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து நான் பார்க்கிறேன். ஞாயிற்றுக்கிழமை என்றதும் உன் அய்யா சந்தோஷமாக, "எல்லாருக்கும் லீவு நாளு" என்றார். நான் ஹால் டிக்கெட்டை எடுத்துப் பார்த்தேன். திரும்பவும் பார்த்தேன். தேதி மாறவில்லை. ஐயர் வரும் வரைக்கும் அமாவாசை நிற்குமா? பல்கலைக்கழகம் எனக்காகப் பரீட்சையைத் தள்ளி வைக்காது. இதை விட்டால் மறுபடி முதலிலிருந்து பாடம் முழுவதும் படித்து, அடுத்த பருவத்தில் எழுத வேண்டும். அடுத்த பருவத்துப் பரீட்சை மாசி பங்குனியில் வரும். அப்போது காட்டில் பழம் சிவந்து நிற்கும், எனக்கு நிமிர நேரம் இருக்காது. இந்தக் கோடையில் விட்டேன் என்றால் விட்டதுதான். உன் பரிசத்தையும் என்னால் விட முடியாது. உனக்கு அக்கா தங்கச்சி கிடையாது, பெண்ணுக்குப் பூ வைக்க வேண்டியவள் நான். "நீ வரலேன்னா என்னத்தா, பூவ நான் வச்சுக்கிறேன்" என்று பெரியத்தை சொன்னாலும் சொல்வார்கள். அந்தப் பூவை நான் யாருக்கும் விட்டுத்தர மாட்டேன். கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை என்பார்களே, அந்த நிலைமைதான். ஆனால் எனக்கு மீசை இல்லை, பார்த்துக் குடித்தால் சிந்தாமல் குடித்துவிடலாம் என்று தோன்றியது.

பேப்பரை எடுத்தேன். என்ன தெரியும், என்ன வேண்டும், எதை மீறக்கூடாது. பரீட்சை நேரத்தை மீறக்கூடாது. நாளை மாற்றக்கூடாது, குறித்த நாளைத் தள்ளினால் ஊர் வாய் சும்மா இருக்காது. ஆனால் அந்த நாளுக்குள் நேரத்தை மாற்றக்கூடாது என்று யாரும் சொல்லவில்லையே! ஞாயிறு ராகுகாலம் ஆறு மணிக்கு முடிந்துவிடுகிறது. விளக்கு வைக்கிற நேரம், மகாலட்சுமி வருகிற நேரம். மதியம் பரீட்சை முடிந்து, ராமநாதபுரத்திலேயே கார் ஏறினால் முதுகுளத்தூர் வழியாகப் பொழுதோடு போய்ச் சேர்ந்துவிடலாம். இதைச் சொன்னதும் உன் அய்யாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "அவ்வளவுதான? சோசியரு சாயங்காலந்தேன் நல்லதுன்னு மாத்திச் சொல்லிட்டாருன்னு அக்காட்ட சொல்லிருவோம்" என்றார். ஜமீலா, "காலையில உங்களுக்கு வயித்து வலின்னு சொல்லிருங்கக்கா, அல்லாஹ் மன்னிப்பான்" என்றாள். இரண்டு பேரும் என் மேல் உள்ள பிரியத்தில்தான் சொன்னார்கள். எனக்கு ஏனோ மனசு ஒப்பவில்லை. நந்தினிக்குப் போன் போட்டேன்.

உன்னிடம் சொல்வதற்கு முன்னால் அவளிடம் சொல்லிவிட்டேன் என்று வருத்தப்படாதே. அவள் வீட்டில் நடக்கிற விசேஷம், அவளைத்தான் முதலில் கேட்க வேண்டும். பயந்துகொண்டேதான் பேசினேன், வருகிற மாமியார் ஒரு மாதிரி என்று நினைத்துவிட்டால்? எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். அவள், "என்ன பாடம் அத்தை?" என்று கேட்டாள். இத்தனை பேரில் அதைக் கேட்ட முதல் ஆள் அவள்தான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. லூப் பாடம், ஃபங்ஷன் பாடம் வரைக்கும் எல்லாம் சொன்னேன். லேபில் வேலை பார்க்கிறவளுக்கு அது பாதி புரிந்திருக்காது, ஆனாலும் ம் ம் என்று கேட்டாள். "எழுதிட்டே வாங்க அத்தை. நான் சாயங்காலமே சேலை கட்டிக்கிறேன், காலையில கட்டுனா வேர்வையில கசங்கிரும்" என்றாள். அவளே அவள் அப்பாவிடமும் பேசிவிட்டாள். அவர் தங்கமான மனுஷர், "எங்களுக்கு எந்த நேரம்னாலும் சம்மதம். நேரத்த பேசி வச்சது மாப்பிள்ளையோட அத்தை, அவக வாயால மாத்திச் சொன்னாப் போதும்" என்றாராம். நீ கொடுத்து வைத்தவன் தம்பி. அந்தப் பிள்ளையை நன்றாக வைத்துக்கொள்.

ஆகவே பாக்கி இருப்பது உன் பெரியத்தை. நான் போய்ச் சொன்னால், பரிசம் போடுவதற்கு முன்னாலேயே இவள் மாமியார்த்தனம் பண்ணுகிறாள் என்று ஆகும். உன் அய்யா சொன்னால், பெண்டாட்டி சொன்னதற்குத் தலையாட்டுகிறான் என்று ஆகும். நீ சொன்னால் அவர்களால் தட்ட முடியாது. தம்பி மகன் மேல் அவர்களுக்கு உயிர், நீ கேட்டால் ராகுகாலத்தையே நகர்த்தி வைப்பார்கள். அதனால் இந்த வேலை உன்னுடையது. ஆனால் ஒன்று. ஜோசியரை இழுக்காதே. வயிற்று வலியைச் சொல்லாதே. எனக்கு லீவு கிடைக்கவில்லை, பஸ் கிடைக்கவில்லை என்று உன் ஆபீசையும் இழுக்காதே. பொய்யைச் சொல்லி நேரத்தை மாற்றினால், நான் பரீட்சை எழுதியதே யாருக்கும் தெரியாமல் போய்விடும். நான் ஒன்றும் திருடிவிட்டு வரவில்லை. உனக்கு வேலை கிடைத்தபோது ஊருக்கெல்லாம் மிட்டாய் கொடுத்தேனே, அதே மாதிரி இதுவும் நம் வீட்டு நல்ல காரியம்தான். உள்ளது உள்ளபடியே அவர்களிடம் சொல். கொஞ்ச நேரம் கத்துவார்கள். "இந்த வயசுல என்னடா பரிச்ச" என்பார்கள். பொறுமையாக இரு. கத்தி முடித்ததும் ஒத்துக்கொள்வார்கள், அவர்கள் மனசு எனக்குத் தெரியும்.

நான் பாஸாவேனோ மாட்டேனோ தெரியாது. ஜமீலா ஆவாள், அதில் சந்தேகமே இல்லை. நானும் விடாமல் படிக்கிறேன், புரோகிராமில் ஃபங்ஷன் என்கிற பாடம் மட்டும் இன்னும் கொஞ்சம் உதைக்கிறது. நேரம் இருந்தால் இந்த வாரம் ஒரு நாள் எனக்குச் சொல்லித்தா. நீ சொல்லித்தந்தால் சீக்கிரம் ஏறும்.

அன்றைக்குப் பெண் வீட்டில் எல்லோரும் கூடி உட்கார்ந்திருப்பார்கள். காரை விட்டு இறங்கி நான் உள்ளே நுழைகிறபோது, நம் சனத்தில் யாராவது ஒருவர் கட்டாயம் வாயைத் திறப்பார்கள், "காலையில வைக்க வேண்டிய விசேஷத்த ஏன்ப்பா இம்புட்டு நேரம் இழுத்தீக?" என்று. உன் அய்யா துண்டைத் தேடுவார். அவருக்கு முன்னால் நீ எழுந்துவிடு. சபையில் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "எங்க அம்மாவுக்கு இன்னைக்குப் பரிச்ச. எழுதிட்டு வாராக" என்று சொல். அவ்வளவு போதும், வேறு விளக்கம் வேண்டாம். நீ சொல்லி முடி, நான் போய் அந்தப் பிள்ளைக்குப் பூ வைக்கிறேன்.

உன்
அம்மா